'சேட்டை'ன்னு மட்டும் எழுதாதீங்க

புள்ளைங்க கடிச்சா பயப்படாதீங்க. கடிச்சிட்டிருந்த புள்ள திடீர்னு ஒரு நாள் தங்கமா மாறிட்டா, அப்பப் பயப்படுங்க.

இந்த மாசத்தோட நான் நிக்கிறேன். நாலு வருசம் இந்த ஸ்பெஷல் புள்ளைங்க ஹாஸ்டல்ல ஆயாவா இருந்தாச்சு. அம்மா இடுப்பு ஒடிஞ்சி கெடக்கு, பாக்க ஆளில்ல. "இருவத்தஞ்சு வயசு கூட ஆவல, அதுக்குள்ள ரிடைரா?"ன்னு சமையக்கார அக்கா கேலி பண்ணுது. பண்ணட்டும். எனக்குப் பதிலா வந்திருக்குற நீங்க மூணு பேரும் என்ன விடச் சின்னவங்க. குளிப்பாட்டுறது, ஊட்டுறது, துணி மாத்துறது எல்லாம் நாலு நாள்ல கை பழகிடும். அத நான் சொல்ல வேண்டியதில்ல. நஸ்ரின் கத மட்டும் சொல்லிட்டுப் போறேன். வெக்கமா இருக்குற எடத்தையும் சேத்தே சொல்றேன். மறைச்சா அப்புறம் சொல்லி என்னா பிரயோஜனம்.

நஸ்ரினுக்கு அப்ப பன்னெண்டு வயசு. லப்பைக்குடிக்காட்டுப் புள்ள. அவ அத்தா சவுதியில டிரைவரு. அம்மா ஒத்த ஆளா இன்னும் ரெண்டு சின்னதுங்கள வெச்சிக்கிட்டு வூட்ல. நஸ்ரினுக்குப் பேச்சு மெதுவா வரும், படிப்பும் மெதுவு, கூடவே வலிப்பு. ஆனா அவள மாதிரி ஒரு சாதுவ நீங்க பாத்திருக்க மாட்டீங்க. என் சுடிதார் ஷால் நுனியப் புடிச்சிக்கிட்டே ஹாஸ்டல் பூரா சுத்துவா. நான் பாத்ரூம் போனாலும் வெளிய நின்னு "அக்கா இருக்கியா, அக்கா இருக்கியா"ன்னு கேட்டுட்டே இருப்பா.

நோம்பு லீவு முடிஞ்சி வந்தப்ப அவ அம்மா புது மாத்திரை அட்டை ஒண்ணு குடுத்தாங்க. நல்லா பெரிய மாத்திரை, நீளமா.

"பழசு வேணாமாம். டாக்டரு இத மாத்திக் குடுத்துட்டாரு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"வேற எதும் சொன்னாராங்க?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா."

போனப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாங்க.

ஒரு வாரம் ஆயிருக்கும். காலைல இட்லித் தட்டத் தூக்கி எறிஞ்சா. ஏதோ கைதவறிடுச்சுன்னு நெனச்சோம். மறுநாள் பக்கத்துல உக்காந்திருந்த ரம்யாவப் புடிச்சித் தள்ளுனா. அப்புறம் ஜெயமேரி அக்கா கைய கடிச்சா பாருங்க, ரத்தம் வந்துடுச்சு. ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆளு ஜெயமேரி அக்கா, எனக்கு ஷிப்டு ஜோடி. நல்ல வலுவான மனுசி, அதுவே அலறிடுச்சு.

நம்ம டெய்லி நோட்டுல அன்னிக்கு நான் என்னா எழுதுனேன்? "நஸ்ரின் சேட்டை." அடுத்த நாளு ஜெயமேரி அக்கா எழுதுச்சு, "நஸ்ரின் சேட்டை." அதுக்கு அடுத்த நாளு, "நஸ்ரின் ரொம்ப சேட்டை." பக்கம் பக்கமா சேட்டை. ஜன்னல்ல ஏறுனாலும் சேட்டை, ஆளக் கடிச்சாலும் சேட்டை. எழுதுறதுக்கு ஈசியா ஒரு வார்த்தை இருந்துச்சு, எழுதுனோம்.

எழுதுனது ஒரு வார்த்தை. மனசுக்குள்ள ஓடுனது வேற. ஆளாளுக்கு ஒரு சந்தேகம். சமையக்கார அக்கா, "வயசுக்கு வரப் போவுது, அதான் உடம்பு படுத்துது"ன்னுச்சு. வார்டன் மேடத்துக்கு எம் மேல சந்தேகம். நஸ்ரின் என் பொறுப்புல உள்ள புள்ள, நான் தான் மறைவா அடிக்கிறேன்னு. கேமராவப் போட்டு ரெண்டு நாள் உக்காந்து பாத்தாங்க. எனக்கு ஜெயமேரி அக்கா மேல சந்தேகம். ஏன் அதை மட்டும் கடிக்கிறா? கிள்ளியிருக்கும். அப்பிடித்தான் நெனச்சேன்.

ஒரு நாள் குளிப்பாட்டயில நஸ்ரின் முதுகு, தொடை எல்லாம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தேன். பின்னாடி ஜெயமேரி அக்கா வந்து நிக்கிது.

"என்னாடி தேடுற? என் நகம் பதிஞ்சிருக்கான்னா?"

நான் குனிஞ்சி சொம்புல தண்ணி மொண்டேன்.

"பாரு, நல்லாப் பாரு. பாத்து முடிச்சிட்டு என் கையையும் ஒருக்கா பாரு. இங்க பதிஞ்சிருக்கு பல்லு, எண்ணிக்க. என்னை அது கடிச்சதுக்கு நான் எங்கடி போயி மொறையிடுறது? மாதா கோயிலுக்கா?"

ரெண்டு நாள் எங்கூடப் பேசல. சோத்த மட்டும் தட்டுல தள்ளி வெச்சிட்டுப் போவும்.

வார்டன் மேடம் முடிவாச் சொல்லிட்டாங்க. "இன்னும் ஒரு தடவ யாரையாச்சும் கடிச்சா அவங்கம்மாவ வரச் சொல்லி அனுப்பிடுவேன். மத்த புள்ளைங்களுக்கு நான் தான் பதில் சொல்லணும்." மேடத்தையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா வூட்டுக்குப் போனா அவள யாரு பாப்பா? ரெண்டு சின்னதுங்க இருக்குற வூட்ல, ஒத்தப் பொம்பள. அங்க ஒண்ண கடிச்சி வெச்சா அப்புறம் அந்தப் புள்ளைய கட்டித்தான் போடுவாங்க. நான் பாத்திருக்கேன் அப்பிடி.

அந்த வெள்ளிக்கெழம அவ அம்மா பாக்க வந்தாங்க. ஓதுன தண்ணி ஒரு பாட்டில்ல கொண்டாந்து குடிக்க வெச்சாங்க. திங்கக்கெழம வாக்குல நஸ்ரின் அடங்கிட்டா. செவ்வாய், புதன், வியாழன் ஒரு சத்தம் இல்ல. தட்டு எறியல, தள்ளல. திரும்ப என் ஷால் நுனியப் புடிச்சிக்கிட்டுச் சுத்துறா. "அக்கா இருக்கியா"ன்னு கேக்குறா.

ஹாஸ்டலே சந்தோசப்பட்டுச்சு. சமையக்கார அக்கா சொல்லுது, "பாத்தியா, ஓதுன தண்ணி வேல செஞ்சிருச்சு." ஜெயமேரி அக்கா விடுமா? "நான் போன வாரமே செவ்வாக்கெழம மாதாவுக்கு மெழுகுத்திரி வேண்டிக்கிட்டேன்ல, அது கணக்குல வராதா?" வார்டன் மேடம், "நான் கூப்புட்டு ஒரு மெரட்டு மெரட்டுனேன், அதான்"ன்னாங்க. மூணு பேரும் சண்ட போடாத கொற.

எனக்கு மட்டும் சந்தோசம் வரல. சாப்புட முடியல. அந்த அமைதிய நான் இதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்திருக்கேன்.

சனிக்கெழம காலைல துணி தொவைக்க எடுத்தேன். நஸ்ரின் யூனிபார்ம் பாவாடை. வளர்ற புள்ளன்னு அவ அம்மா அடியில நாலு வெரக்கட மடிச்சி தெச்சிருந்தாங்க. அந்த மடிப்புல ஒரு எடத்துல தையல் பிரிஞ்சிருந்துச்சு. தண்ணியில முக்குனதும் மாவு மாதிரி வெள்ளையா கசிஞ்சிச்சு. விரல விட்டுப் பாத்தா மாத்திரை. எச்சில்ல ஊறிக் காஞ்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்துச்சு. எட்டோ பத்தோ இருக்கும்.

நோட்டுல அந்த நாள் எல்லாத்துக்கும் நேரா டிக்கு இருக்கு. "மாத்திரை கொடுத்தாச்சு." என் கையெழுத்து. குடுத்தேன், தண்ணி குடிச்சா, ஆன்னு வாயக் காட்டுனா. கன்னத்து ஓரத்த நான் பாக்கல. நாக்க தூக்கச் சொல்லல. அங்கயே தப்பு நடந்துபோச்சு, எங் கையால.

அவள கொல்லப்பக்கம் கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சேன். திட்டல. பாவாடைய காட்டுனேன்.

"யாரு இதுல போடச் சொன்னா? அம்மா சொன்னாங்களா?"

இல்லன்னு தலையாட்டுனா.

"ஜெயமேரி அக்காவா?" கேட்டுட்டேன் பாருங்க. அப்பவும் என் புத்தி அங்க தான் போச்சு.

"நான் தான்க்கா." பாவாடையத் தொட்டுக்கிட்டே சொன்னா. "அது முழுங்குனா கோவம் வருதுக்கா. நான் கூப்புடல, அதுவா வருது. ஜெயமேரி அக்கா பாவம்ல. ரத்தம் வந்துச்சுல. முழுங்கலன்னா வரல."

ரெண்டு வாரமா அத்தன பேரு அத்தன பேரச் சந்தேகப்பட்டோம். கேமரா பாத்தோம், உடம்பு பூரா காயம் தேடுனோம். அந்தப் புள்ளைகிட்ட "ஏம்மா கடிக்கிற?"ன்னு ஒருத்தரும் உக்காந்து கேக்கல. பேச்சு மெதுவா வரும்னா பேச்சே வராதுன்னு நெனச்சிக்கிட்டோம். அவ எங்களுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சி, அவளே ஒரு வழியும் பண்ணிக்கிட்டா.

உண்மையச் சொல்றேன். ஒரு நிமிசம் நானும் நெனச்சேன். இப்பிடியே வுட்டுடலாமா? யாருக்கும் தெரியாது. கடிக்க மாட்டா, மேடம் அனுப்ப மாட்டாங்க, எல்லாரும் சிரிச்சிட்டிருக்காங்க. பாவாடைய அலசி காயப் போட்டா முடிஞ்சிது.

அந்த ஒரு நிமிசத்துக்கு மேல நிக்கல நான். ஈரப் பாவாடையோடயே மேடம் ரூமுக்கு ஓடுனேன்.

மேடம் மாத்திரையப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "நீ குடுக்காம வுட்டுட்டு இப்ப புள்ள மேல போடுறியா?"

"இல்ல மேடம், நான் குடுத்தேன். ஆனா முழுங்குனத பாக்கல. அது என் தப்பு தான்."

"சரி, இப்ப நல்லாத்தானே இருக்கா? திங்கக்கெழம டாக்டருக்கு போன் போடுவோம். சனி ஞாயிறுல யாரப் போயி புடிக்கிறது?"

"திங்கக்கெழம வரைக்கும் தாங்காது மேடம்."

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீ என்னா டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

எட்டாவது தான் படிச்சிருக்கேன். அது மேடத்துக்கும் தெரியும். ஆனா அது வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத ஒண்ண அன்னிக்குச் சொன்னேன்.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. சுகன்யா. எறையூர் பக்கம் எங்க ஊரு, சுத்தி கரும்பு. அவளுக்கும் வலிப்பு. பதினாலு வயசுல மாத்திரை மாத்துனாங்க. மாத்துன கொஞ்ச நாள்ல அப்பா மேல செருப்ப எறிஞ்சா. என் முடியப் புடிச்சி தரதரன்னு இழுத்தா. ஊர்ல பேயின்னாங்க. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி வேப்பெலயால அடிச்சாங்க. நான் நம்பல. புது மாத்திரை வந்த நாள்ல இருந்து தான் இப்பிடின்னு நான் கண்டுபுடிச்சேன். சரியாத்தான் கண்டுபுடிச்சேன். யாருகிட்டயும் சொல்லல. டாக்டருகிட்ட போனா வேற ஒண்ணு எழுதுவாரு, அது இன்னும் என்னா பண்ணுமோன்னு அவரு மேலயும் சந்தேகம். மாத்திரைய நான் தான் எடுத்துக் குடுப்பேன். குடுக்குற மாதிரி குடுத்துட்டு அடுப்புல போட்டுட்டேன்.

பத்து நாள். அந்தப் பத்து நாள் மாதிரி எங்க வூடு எப்பவும் இருந்ததில்ல. செருப்பால அடி வாங்குன அப்பாவுக்கு அவளே காலு அமுக்கி வுட்டா. எனக்குத் தல பின்னி வுட்டா. பதினோராம் நாளு பம்புசெட்டுத் தொட்டியில துணி அலசப் போனா. அதுல முழங்காலுக்கு மேல தண்ணி கெடையாது. வலிப்பு வந்து குப்புற வுழுந்தா, தூக்க ஆளில்ல.

அஞ்சு வருசம் ஆச்சு. எங்கம்மா இன்னும் விதின்னு தான் சொல்லிக்கிட்டிருக்கு. நானும் ஆமாம்மா ஆமாம்மான்னுட்டு இருக்கேன்.

மேடம் போன எடுத்தாங்க. டாக்டரு என்னா சொன்னாருன்னு எனக்குக் கேக்கல, மேடம் மூஞ்சி மாறுனது மட்டும் தெரிஞ்சிது. "ஆட்டோவுக்குச் சொல்லு. இப்பவே கூட்டிட்டு வரச் சொல்றாரு."

ஆட்டோ வர்றதுக்குள்ள நஸ்ரினுக்கு வலிப்பு வந்துருச்சு. சாப்பாட்டு ரூம்ல, சோத்துத் தட்டு முன்னாடி. கண்ணு ஒரு பக்கமா சொருகுச்சு, கை இழுத்துச்சு. சமையக்கார அக்கா ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தத் தூக்கிட்டு ஓடியாந்துச்சு, கையில திணிக்க. ஜெயமேரி அக்கா ஒரு கத்து கத்துச்சு: "இரும்பத் தூக்கி அந்தாண்ட போடு! புள்ளைய சாய்ச்சிப் படுக்க வையி!" நான் ஒருக்களிச்சிப் படுக்க வெச்சேன், தலைக்கு அடியில என் ஷாலக் குடுத்தேன், வாயில ஒண்ணும் வெக்கல. ஜெயமேரி அக்கா போன்ல நேரம் பாத்துச்சு. "ஒரு நிமிசம்... ரெண்டு... மூணு..." அது நிக்கிற மாதிரி தெரியல. மேடம் மூக்குல அடிக்கிற மருந்த எடுத்தாந்து அடிச்சாங்க, டாக்டரு குடுத்து வெச்சிருந்தது. நான் அவ காதுகிட்ட "அக்கா இருக்கேன், அக்கா இருக்கேன்"ன்னு சொல்லிட்டே இருந்தேன். சுகன்யாவுக்குச் சொல்ல வேண்டியது, அப்ப சொல்ல நான் அங்க இல்லாம போனது, எல்லாம் சேந்து வருது வாயில.

ஆட்டோவுல ஏத்தயில இழுப்பு வுட்டிருந்துச்சு. மூச்சு வந்துச்சு. ஜெயமேரி அக்கா மடியில தல. அவ கடிச்ச தழும்பு இருக்குற அதே கையால நெத்திய தடவிக்கிட்டே வந்துச்சு. என்னைப் பாத்து, "எம் மேல சந்தேகப்பட்டல்ல நாயே"ன்னுச்சு. அழுவுது. நானும் அழுவுறேன். ஆட்டோக்காரரு கண்ணாடியில பாத்துட்டு, "அம்மாங்களா, நான் வேகமாத்தான் போறேன்"ங்கிறாரு பாவம்.

டவுன்ல டாக்டரு பாத்து சரி பண்ணுனாரு. அப்புறம் நோட்ட கேட்டாரு. பொரட்டுனாரு. சேட்டை, சேட்டை, சேட்டை. "இதுல எனக்கு என்னாம்மா தெரியும்? எந்தத் தேதியில ஆரம்பிச்சிது? மாத்திரை குடுத்து எவ்ளோ நேரத்துல? யாரும் எதும் பண்ணாம கோவம் வந்துச்சா, பண்ணுனதுக்கு வந்துச்சா?" நான் ஞாபகத்துல இருந்து ஒவ்வொண்ணா சொன்னேன். இட்லித் தட்டு, ரம்யாவ தள்ளுனது, கடிச்சது. அவரு பேனாவ வெச்சிட்டுச் சொன்னாரு. "சில புள்ளைங்களுக்கு இந்த மாத்திரை இப்பிடிக் கோவத்தக் கெளப்பிவுடும். எல்லாருக்கும் இல்ல. இத நான் அவங்கம்மாகிட்ட சொல்லித்தானே அனுப்புனேன். கோவம் வந்தா ஒடனே வாங்க, ஆனா நீங்களா நிறுத்தாதீங்கன்னு."

சாயங்காலம் அவ அம்மா லப்பைக்குடிக்காட்டுல இருந்து ஓடியாந்தாங்க. "ஒண்ணும் சொல்லலன்னீங்களேம்மா"ன்னு கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன்.

முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க. "கோவம் வரும்னு சொன்னா நீங்க சேத்துக்க மாட்டீங்கன்னு தான்... அல்லா சத்தியமா இப்பிடி ஆவும்னு தெரியாதும்மா."

என்னாத்த சொல்லித் திட்டுறது? நான் மறைச்சத விடவா அவங்க மறைச்சிட்டாங்க.

அதனால தான் சொல்றேன். சந்தேகப்படுங்க. இந்த வேலைக்கு அது வேணும். ஆனா யாரு கிள்ளுனா, யாரு செய்வினை வெச்சான்னு போவாதீங்க. புது மாத்திரை எந்தத் தேதியில வந்துச்சு, அதுக்கு முன்னாடி புள்ள எப்பிடி இருந்துச்சுன்னு பாருங்க. மணி போட்டு எழுதுங்க. தப்பும் தவறுமா இருந்தாலும் பரவால்ல, நடந்தத எழுதுங்க. மாத்திரை தான்னு சரியாவே கண்டுபுடிச்சாலும் நீங்களா நிறுத்தாதீங்க. சரியா கண்டுபுடிச்சவ தான் நானு. புள்ளைங்க நாக்க தூக்கச் சொல்லிப் பாருங்க. அதோட அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை கேளுங்க.

டாக்டரு அதே மாத்திரையப் பழையபடி ஆரம்பிச்சி, கொஞ்சங் கொஞ்சமா கொறச்சி, வேற மாத்திரைக்கு மாத்துனாரு. ரெண்டு மாசம் புடிச்சிது. மேடம் அவள அனுப்பல. நடுவுல ஒருக்கா தட்டு பறந்துச்சு, "காலை எட்டே முக்கால், தட்டு எறிந்தாள், யாரும் எதும் செய்யலை"ன்னு ஜெயமேரி அக்கா எழுதி வெச்சிச்சு. அத டாக்டருக்குப் போன்ல படிச்சிக் காட்டுனோம்.

எல்லாம் மாறி முடிஞ்சி ஒரு மாசம் இருக்கும். படம் வரையிற நேரம். நஸ்ரின் திடீர்னு எந்திரிச்சி, மூஞ்சி செவந்து, கத்துறா பாருங்க ஒரு கத்து. ரூமே அடங்கிப் போச்சு. நான் அவசரமா மணியப் பாத்தேன். மேடம் வாசல்ல வந்து நிக்கிறாங்க. எல்லாரும் எல்லார் மூஞ்சியையும் பாக்குறோம்.

ஜெயமேரி அக்கா தான் கேட்டுச்சு. "ஏன்டி தங்கம், மாத்திரை தான் மாத்தியாச்சே? இன்னும் என்னா?"

நஸ்ரின் மூச்சு வாங்குனா. ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வெச்சா.

"இது மாத்திரை கோவம் இல்ல. இது என் கோவம். ரம்யா என் பச்ச ஸ்கெட்ச எடுத்துட்டா."

ரம்யா கைய பின்னாடி கட்டிக்கிட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்கிறா. நான் போயி அந்தக் கைய முன்னாடி இழுத்து விரிச்சிப் பாத்தேன்.

பச்ச ஸ்கெட்ச்சு.